கிறிஸ்துமஸுக்கு ஜெயிலுக்குப் போகணும்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டது இதுதான். உங்க சபை வாலிபர் குழுவுல இருந்து இருபது பேர் சேர்ந்து இந்தக் கிறிஸ்துமஸுக்கு பாளையங்கோட்டை மத்திய சிறைக்குப் போய் கேரல் பாடி கேக் குடுக்கணும்னு ஆசைப்படுறீங்க. யாரைக் கேக்கணும், என்ன கொண்டு போகலாம்னு தெரியணும். அதோட உங்க சபை மூப்பர் ஒருத்தர் "குத்தவாளிகளுக்கு எதுக்கு கேக்கு, அவங்களால செத்தவன் குடும்பத்தை யாரு பாக்குறா"ன்னு கேட்டுட்டாரு, அவருக்கு என்ன சொல்றதுன்னும் தெரியல. நான் ரொம்ப வருஷமா சிறைப்பணிக் குழுவோட உள்ள போய்ட்டு வர்றவன், தெரிஞ்சதை எல்லாம் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

மூப்பர்ட்ட இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அவர் கேட்டது நியாயமான கேள்வி, கோவப்படாதீங்க. முதல்ல உள்ள இருக்கிறது யாருன்னு அவருக்குச் சொல்லுங்க. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022 கணக்குப்படி இந்தியா பூரா ஜெயில்ல இருந்தவங்க 5,73,220 பேர், அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க. அதாவது நாலு பேர்ல மூணு பேர் மேல குத்தம் இன்னும் நிரூபணமே ஆகல, வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய்ட்டு வந்துட்டு இருக்காங்க. அவங்களைக் குத்தவாளின்னு சொல்ல அவருக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல. தண்டனை வாங்கினவங்களும் உள்ள இருக்காங்க, கொலை செஞ்சவங்களும் இருக்காங்க, அதை மறைக்கத் தேவையில்ல. ஆனா மத்தேயு 25ல ஆண்டவர் "காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்"னு தான் சொன்னாரு, தப்பே செய்யாம காவல்ல இருந்தேன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லல. செத்தவர் குடும்பத்தை யார் பாக்குறாங்கன்னு கேட்டாருல்ல, அதுக்கு பதில், நாமதான் பாக்கணும். அந்த மூப்பரையே முன்னால நிறுத்தி, உங்க ஏரியாவுல கொலையில ஆளை இழந்த ஒரு வீட்டுக்கு இந்த டிசம்பர்லயே போங்க. நாங்களும் போறோம், ஜெயிலுக்குப் போறதை விட அந்த வீட்டுத் திண்ணையில உக்காருறது கஷ்டம். ரெண்டும் செய்ய வேண்டிய வேலைதான், ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை நிறுத்த வேண்டாம்.

இப்போ பர்மிஷன். டிசம்பர் முதல் வாரத்துல போய் லெட்டர் குடுத்தா நடக்காது, ஏன்னா அந்த மாசம் எல்லா சபையும் அங்கதான் நிக்கும். அக்டோபர்லயே, தப்பினா நவம்பர் ஆரம்பத்துல, சபை லெட்டர்ஹெட்ல சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்க. வர்றவங்க பேரு, வயசு, விலாசம், ஆதார் நகல், எந்தத் தேதி, எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரை, என்ன நிகழ்ச்சி, என்னென்ன பொருள், எந்த இசைக்கருவின்னு எல்லாம் அதுலயே இருக்கணும். இருபது பேரு அதிகம், எட்டுல இருந்து பத்துக்குள்ள நிறுத்துங்க. கேட்டுல ஒவ்வொருத்தரா சோதனை போட்டு உள்ள விடணும், உள்ள உங்க கூட நடக்க வார்டர் வேணும், ஆள் பத்தாக்குறையில இருக்கிற இடத்துக்கு இருபது பேரைக் கூட்டிட்டுப் போறது அவங்க மேல பாரத்தை ஏத்துற மாதிரி. புதுக் குழு தனியா கேக்குறதை விட, ஏற்கெனவே போய்ட்டு இருக்கிற குழுவோட சேர்ந்துக்குறது சுலபம். கத்தோலிக்க மறைமாவட்டங்கள்ல சிறைப்பணிக் குழு இருக்கும், பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியான்னு சொல்லுவாங்க, 1981ல கேரளாவுல கோட்டயம் பக்கம் வடவாதூர் குருமடத்துல ஆரம்பிச்சது. சிஎஸ்ஐ ஆளுங்களும் போறாங்க, பெந்தெகொஸ்தே சபைக்காரங்களும் போறாங்க. உள்ள போனா இந்த சபை அந்த சபைன்னு யாரும் பாக்குறது இல்ல.

இன்னொரு யோசனை. எல்லாரும் சென்ட்ரல் ஜெயிலுக்கே ஓடுறாங்க, அங்க டிசம்பர்ல தினம் ஒரு குழுன்னு கூட ஆயிடும், மாவட்டச் சிறை கிளைச் சிறை பக்கம் அவ்வளவா யாரும் எட்டிப் பாக்குறது இல்ல. தூத்துக்குடி பக்கம் பேரூரணி மாவட்டச் சிறை இருக்கு, நம்ம திருநெல்வேலியிலயே பெண்களுக்குக் கொக்கிரகுளத்துல இருக்கு. பெண்களைத் தேடி வர்றவங்க எப்பவுமே குறைவு. புருஷன் ஜெயில்ல இருந்தா பொண்டாட்டி சோத்து மூட்டையோட வந்து நிப்பா, பொண்டாட்டி ஜெயில்ல இருந்தா புருஷன் வீட்டு ஆளுங்க பேரையே சொல்ல மாட்டாங்க, நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஆறு வயசு வரைக்கும் புள்ளைங்க அம்மா கூட உள்ள இருக்கலாம், அதனால பெண்கள் சிறைக்குப் போறதா இருந்தா புள்ளைங்க இருக்கா, என்ன வயசுன்னு முன்னாடியே கேட்டுட்டு சட்டை எடுங்க.

தேதியைப் பத்தி ஒண்ணு. பெரும்பாலும் நிகழ்ச்சி 25க்கு முந்தின வாரத்துலயே முடிஞ்சிரும், 25 அன்னிக்கு நம்ம எல்லாரும் கோயில்லயும் வீட்லயும் இருப்போம். ஆனா உள்ள இருக்கிறவங்களுக்கு அந்த நாள்தான் ரொம்ப மோசமான நாள். அரசு விடுமுறைங்கிறதால பொதுவா மனு கிடையாது, அதாவது வீட்ல இருந்து யாரும் பாக்க வர முடியாது, கோர்ட்டும் கிடையாது, வக்கீலும் வரமாட்டாரு. வெளிய எங்கேயோ ஸ்பீக்கர் பாட்டு கேக்கும். அதனால 26, 27 தேதியையும் கேட்டுப் பாருங்க. போப் இருபத்திமூணாம் ஜான் 1958ல போப் ஆன ரெண்டே மாசத்துல ரோம்ல ரெஜினா கோயேலி ஜெயிலுக்குப் போனது டிசம்பர் 26 அன்னிக்குத்தான். நீங்க என்கிட்ட வர முடியாது, அதான் நான் வந்துட்டேன்னு சொல்லி, தன் சொந்தக்காரர் ஒருத்தரே திருட்டு வேட்டையாடி ஜெயிலுக்குப் போனவர்தான்னும் அவங்ககிட்ட சொன்னாரு. போப் பிரான்சிஸ் 2024ல அதே டிசம்பர் 26 ரெபிபியா ஜெயில்ல போய் யூபிலி ஆண்டுக்கான புனிதக் கதவைத் திறந்தாரு. பண்டிகை முடிஞ்ச மறுநாள் வர்றவங்களை உள்ள இருக்கிறவங்க நல்லா ஞாபகம் வச்சிருப்பாங்க.

பொருள் விஷயத்துல ரொம்ப கவனம். போன், ஸ்மார்ட் வாட்ச், பென் டிரைவ், பணம், பீடி சிகரெட், தீப்பெட்டி, பிளேடு, கண்ணாடிப் பாட்டில், மாத்திரை எதுவும் பையில இருக்கக் கூடாது, தெரியாம இருந்தாலும் பெரிய பிரச்சினை ஆயிடும், எல்லாத்தையும் வேன்லயே வச்சிட்டு இறங்குங்க. வீட்ல சமைச்சது வேண்டாம், பேக்கரியில பில்லோட வாங்குங்க. பிளம் கேக் ஆர்டர் குடுக்கும்போது ரம்மு, ஒயினு எதுவும் சேக்காம போடச் சொல்லி பேக்கரிக்காரர்கிட்ட தெளிவா சொல்லிருங்க. கேட்டுல கேக்கை வெட்டிப் பாப்பாங்க, அதனால மேல ஐசிங் வச்சு அலங்காரம் பண்ணினது வேஸ்ட், துண்டா வெட்டி பாக்கெட் போட்டது நல்லது. எத்தனை பேருன்னு, கைதிங்க நலனைப் பாக்குற ஜெயில் அதிகாரியான வெல்பேர் ஆபீஸர்ட்ட கேட்டு அத்தனை பேருக்கும் வாங்குங்க, கிறிஸ்தவங்களுக்கு மட்டும்னு எண்ணி வாங்கவே கூடாது. பக்கத்துப் பாயில படுத்திருக்கிறவனுக்கு இல்லாம இவன் எப்படி சாப்பிடுவான்? வார்டர்களையும் எண்ணிக்கையில சேருங்க, அவங்களும் பண்டிகையை விட்டுட்டு டூட்டியில நிக்கிறவங்கதான்.

கேக் ஒரு நாள்ல முடிஞ்சிரும். பணம் கொஞ்சம் மிஞ்சினா குளிக்கிற சோப்பு, துணி சோப்பு, பேஸ்ட், துண்டு, ஜட்டி பனியன், ரப்பர் செருப்பு. யாரும் வராத ஆளுக்கு கேன்டீன் கணக்குல பணம் போட ஆள் இருக்காது, அவன் ஒரு சோப்புக்குக் கூட அடுத்தவன் துணியைத் துவைச்சுக் குடுக்குற நிலைமையில இருப்பான். இதெல்லாத்தையும் விட நான் அழுத்திச் சொல்றது படிக்கிற கண்ணாடி. ஆயுள் தண்டனையில வயசாகிப் போன அய்யாமார் நிறைய பேர் இருக்காங்க, நாப்பத்தஞ்சு தாண்டினா எழுத்து மங்கும், உள்ள அதைச் சொல்லக்கூட வெக்கப்படுவாங்க. ஜெயில் டாக்டர் மூலமா பவர் பாத்து, ஃபிரேம் எது அனுமதின்னு கேட்டுட்டு வாங்கிக் குடுங்க, ஒரு கண்ணாடிக்கு ஆகுற செலவு பெரிசில்ல. ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டதும் இடுப்புல சொருகியிருந்த இன்லேண்ட் லெட்டரை எடுத்தாரு, மடிச்ச இடம் எல்லாம் கிழிஞ்சு போயிருந்துச்சு. இத்தனை நாளா அடுத்தவங்களை வச்சுப் படிக்கச் சொல்லிக் கேட்ட லெட்டர் அது, அவர் மகள் எழுதினது. எங்களை எல்லாம் மறந்துட்டு நின்ன இடத்துலயே வாய்விட்டு ஒவ்வொரு எழுத்தா படிக்க ஆரம்பிச்சுட்டாரு, பாட வந்த பசங்க பாடாம நின்னுட்டாங்க.

உள்ள போன பிறகு எப்படி நடந்துக்கணும்னு நீங்க கேக்கல, ஆனா அதுதான் முக்கியம். "என்ன கேஸ்?"னு யார்ட்டயும் கேக்காதீங்க. அவங்களா சொன்னா கேட்டுக்குங்க, அவ்வளவுதான். ஊரு எது, என்ன வேலை பாத்தீங்க, பாடுவீங்களான்னு கேளுங்க. வயசுல பெரியவங்களை அய்யான்னும் அண்ணாச்சின்னும் கூப்பிடுங்க, நாள் பூரா நம்பர்லயும் அதட்டல்லயும் கூப்பிட்டுக் கேட்ட காது அது. "வீட்டுக்கு ஒரே ஒரு போன் மட்டும் பண்ணிச் சொல்லிருங்க அண்ணே"ன்னு காதுக்குள்ள சொல்லுவாங்க, சீட்டுல நம்பர் எழுதிக் கையில திணிப்பாங்க, மனசு இளகும், ஆனா வாங்கக் கூடாது. அந்த நம்பர் வீட்டு நம்பரா, சாட்சி சொல்ல வேண்டிய ஆளோட நம்பரான்னு உங்களுக்குத் தெரியாது. "வெல்பேர் ஆபீஸர்ட்ட உங்க பேரைச் சொல்றேன்"னு சொல்லி, சொன்னபடி சொல்லிட்டு வாங்க. செய்ய முடியாததை வாக்குக் குடுக்காதீங்க, வெளிய நாம மறந்துருவோம், உள்ள இருக்கிறவங்க நாளை எண்ணிட்டு இருப்பாங்க. யாராவது இதுதான் என் கடைசி கிறிஸ்துமஸ்ங்கிற மாதிரி பேசினா அதை மட்டும் உடனே அதிகாரிகிட்ட சொல்லிருங்க, பண்டிகை நாள்ல மனசு உடையுறது அதிகம்.

பிரசங்கம் பத்து நிமிஷம் போதும். "பாவிகளே மனந்திரும்புங்கள்"னு ஆரம்பிக்காதீங்க, அது அவங்களுக்கு ஏற்கெனவே எல்லாரும் சொல்லியாச்சு. மாட்டுத் தொழுவத்துல பொறந்த புள்ளையே பின்னாடி ராத்திரியில கைதாகி விசாரணைக்கு நின்னவர்தான், யோவான் ஸ்நானகன் ஜெயில்லயே செத்தவர், பவுலும் சீலாவும் பிலிப்பி ஜெயில்ல நடுராத்திரி பாடினாங்க, இதையெல்லாம் சொல்லுங்க, கேக்குற முகம் மாறுறதை நீங்களே பாப்பீங்க. அப்புறம் மதம் மாத்துற வேலை வேண்டவே வேண்டாம். இதை நான் பயந்துட்டுச் சொல்லல. நம்ம கூட்டம் பிடிக்கலைன்னா வெளிய இருக்கிறவன் எந்திரிச்சுப் போயிருவான், உள்ள இருக்கிறவன் எங்க போவான்? எந்திரிச்சுப் போக முடியாத ஆளை உக்கார வச்சு வற்புறுத்துறது சுவிசேஷம் இல்ல. வேதாகமம் வேணும்னு கேட்டா அதிகாரி மூலமா குடுங்க, வரிசையில நிறுத்தி எல்லார் கையிலயும் திணிக்காதீங்க. இந்து, முஸ்லிம் சகோதரர்கள் வந்து உக்காருவாங்க, கை தட்டுவாங்க, நம்மளை விட நல்லா கூடப் பாடுவாங்க, அதுவே போதும். அவங்களையே பாட விடுங்க, நாடகம் போட விடுங்க. சிமெண்ட் பேப்பர்ல குடில் கட்டி, துண்டைத் தலையில கட்டி மேய்ப்பர்களா நடிச்சதை நான் பாத்திருக்கேன், நம்ம சபையில காசு செலவழிச்சுப் போடுறதை விட நல்லா இருந்துச்சு. ஃபோட்டோ எடுக்க முடியாது. துறையில இருந்து ஒண்ணு ரெண்டு எடுத்துக் குடுத்தாலும் கைதிங்க முகம் தெரியுறதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, அந்த வீட்டுப் புள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துல அது போய்ச் சேரும்.

அந்தப் புள்ளைங்களைப் பத்தித்தான் நான் முக்கியமா பேசணும். நீங்க கேட் வரைக்கும் யோசிச்சிருக்கீங்க, கேட்டுக்கு வெளிய இருக்கிற வீட்டையும் சேத்து யோசிங்க. அமெரிக்காவுல மேரி கே பியர்ட்னு ஒரு அம்மா, பேங்க் கொள்ளைக் கேஸ்ல ஜெயில்ல இருந்தவங்க. உள்ள இருந்தப்போ ஒண்ணு கவனிச்சாங்க, தர்ம ஸ்தாபனங்கள் கிறிஸ்துமஸுக்குக் கொண்டு வந்து குடுக்குற சோப்பு பேஸ்ட்டை கைதித் தாய்மாருங்க தாங்க வச்சுக்காம, புள்ளைங்களுக்குக் குடுக்கன்னு எடுத்து வைக்கிறாங்க. விடுதலை ஆன பிறகு 1982ல அலபாமாவுல, கைதிங்க புள்ளைங்க பேரைக் காகிதத் தேவதையில எழுதி கிறிஸ்துமஸ் மரத்துல தொங்கவிட்டு, ஒவ்வொரு பேரையும் யாராவது எடுத்து அந்தப் புள்ளைக்குப் பரிசு வாங்குற திட்டத்தை ஆரம்பிச்சாங்க. பரிசு அந்த அப்பா அம்மா பேர்லதான் போய்ச் சேரும், சபை பேர்ல இல்ல. ஏஞ்சல் ட்ரீன்னு அது இன்னிக்கும் நடக்குது.

நாங்க இதைச் சின்ன அளவுல செய்றோம். ஒரு அப்பாகிட்ட மகளுக்கு என்ன வேணும்னு கேட்டப்போ செருப்புன்னாரு, சைஸ் கேட்டா தெரியல, தன் உள்ளங்கையை நீட்டி ஆள்காட்டி விரல் ரெண்டாவது ரேகையைத் தொட்டு "இவ்வளவு இருக்கும் சார்"னு காட்டினாரு. ஏரல் பக்கம் அவங்க ஊருக்குப் போய்ப் பாத்தா புள்ளை வளந்து நிக்குது, பாதம் அவர் காட்டினதைத் தாண்டிப் போயிருச்சு. அவளையே கடைக்குக் கூட்டிட்டுப் போய் அளவு பாத்து வாங்கி, "இது அப்பா குடுத்து விட்டது"ன்னு சொல்லிக் குடுத்தோம். அவங்க அம்மா எங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லிராதீங்கன்னு. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கைதியோட சம்மதமும் வீட்டுக்காரங்க சம்மதமும் வெல்பேர் ஆபீஸர் வழியா கட்டாயம் வேணும், கேரல் குரூப்போட மேளம் அடிச்சுட்டுப் போய் நிக்காதீங்க, ரெண்டு பேர் சாதாரணமா போங்க, அதுல ஒரு அக்கா இருக்கட்டும். படிப்புச் செலவுக்கு கஷ்டம்னா மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மிஷன் வாத்சல்யாங்கிற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தோட ஸ்பான்சர்ஷிப்புக்கு மனு குடுக்க உதவி பண்ணுங்க, கிடைச்சா மாசம் 4,000 ரூபா, ஒரு தடவை குடுக்குற பரிசை விட அது பெரிய காரியம்.

அடுத்தது ஜாமீன். கேட்டா அதிர்ச்சியா இருக்கும், ஜாமீன் கிடைச்சும் உள்ளயே இருக்கிறவங்க உண்டு. கோர்ட் விட்டாச்சு, ரெண்டு பேர் ஜாமீன்தாரர் வேணும், வந்து கையெழுத்துப் போட ஆள் இல்ல, இல்ல கட்டப் பணம் இல்ல, அவ்வளவுதான் காரணம். 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதுக்கு வழி சொல்லியிருக்கு, ஜாமீன் கிடைச்சு ஏழு நாள்ல வெளிய போகலைன்னா சூப்பிரண்டு, இலவச சட்ட உதவி குடுக்குற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரியப்படுத்தணும், ஒரு மாசத்துல ஜாமீன் பத்திரம் குடுக்க முடியலைன்னா நிபந்தனையைத் தளர்த்தலாமான்னு கோர்ட்டே பாக்கலாம். ஏழைக் கைதிகளுக்கு உதவுற மத்திய அரசுத் திட்டமும் 2023ல வந்தாச்சு, தகுதி இருந்தா ஜாமீனுக்கும் அபராதம் கட்டவும் பண உதவி கிடைக்கும். இதுக்கு முன்னாடி எந்தக் கேஸ்லயும் தண்டனை வாங்காதவங்க, இப்போ மாட்டின குத்தத்துக்கான உச்ச தண்டனையில மூணுல ஒரு பங்கு காலம் உள்ள இருந்துட்டா ஜாமீன்ல விடணும்னு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவோட 479ம் பிரிவு சொல்லுது, தூக்கு, ஆயுள் வரைக்கும் போற கேஸுக்கு அது பொருந்தாது, ஒண்ணுக்கு மேல கேஸ் இருந்தாலும் சிக்கல். ஜெயில்ல இருக்கிற யாருக்கும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்துலயே இருக்கு. இதெல்லாம் காகிதத்துல இருக்கு தம்பி, ஆனா பேரைச் சொல்லி ஒரு ஆளுக்காக ஆபீஸ் ஆபீஸா நடக்க ஒருத்தர் வேணும். உங்க சபையில வக்கீல் யாராவது இருந்தா அந்தப் பத்துப் பேர்ல முதல் ஆளா அவரைப் போடுங்க, கீபோர்டு வாசிக்கிற பையனை விட அவர்தான் அங்க தேவை. உணர்ச்சிவசப்பட்டு நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போடப் போகாதீங்க, ஆள் வாய்தாவுக்கு வரலைன்னா பணம் உங்க தலையில விழும், குடும்பத்துல சண்டை வரும், முறையா வக்கீல் வழியா போங்க.

கடைசியா வடக்கத்தி ஆளுங்க. கட்டட வேலை, மில் வேலைன்னு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளத்துல இருந்து வந்து இங்க கேஸ்ல மாட்டினவங்க நம்ம பக்கத்து ஜெயில்கள்லயும் இருக்காங்க, பாஷை தெரியாது, மனு பாக்க ஊர்ல இருந்து வர ரயில் செலவுக்கே வீட்ல காசு இருக்காது, வக்கீல் யாருன்னே தெரியாம இருப்பாங்க. நிகழ்ச்சி நடக்கும்போது கடைசி வரிசையில உக்காந்து நம்ம வாயையே பாத்துட்டு இருப்பாங்க. ஹிந்தி பேசுற ஒருத்தர், கிடைச்சா ஒடியா இல்ல பெங்காலி தெரிஞ்ச ஒரு நர்ஸோ சிஸ்டரோ, உங்க லிஸ்ட்ல இருக்கட்டும். பாட்டு முடிஞ்சதும் அவங்களை நேரா அந்தக் கடைசி வரிசைக்கு அனுப்புங்க, வெல்பேர் ஆபீஸரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வக்கீல் இருக்காரா, வீட்டுக்குத் தகவல் போயிருக்கான்னு இந்த ரெண்டை மட்டும் கேட்டு எழுதிக்கச் சொல்லுங்க. அந்த லிஸ்ட்டை ஜனவரி முதல் வாரமே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல கொண்டு போய்க் குடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு சீல் வாங்கிட்டு வாங்க.